அத்தை பார்க்க மறுத்த வெண்ணெய்

விடிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், இஸ்தோப்பு என்கிற முன்திண்ணையின் மூலையில், சாக்குப் படுதாவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து நான் தயிர் கடைந்துகொண்டிருந்தேன். வெளியே ஒரே மூடுபனி. குளிரில் கை விறைத்து, கயிற்றை இழுப்பது என் விரல்தானா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வெண்ணெய் திரளப்போகிற நேரத்தில் பானையின் சத்தம் மாறும். அதுவரை சளசளவென்று இருக்கிற தயிர் திடீரெனக் கனத்து, தொப்புத் தொப்பென்று பானையில் அடிக்கும். கடைந்து பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் போதும், உள்ளே எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

அந்தச் சத்தத்துக்காக நான் மூன்று வாரமாகக் காத்திருந்தேன். வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அழுதேன். சத்தமாக அழுதால் ஒட்டினாற்போல இருக்கிற பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கேட்கும்.

போன வாரம், கலேவெலயிலிருந்து இரண்டு பஸ் மாறி நான் கல்யாணப் பெண்ணாக வந்து இறங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "புகுந்த வீட்டில் முதல் மாதம் எப்படிப் போனது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். விடவில்லை அம்மா. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது சொல்லிவிடுகிறேன்.

கலேவெலக் கை

என் அப்பா கலேவெலப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் மாடு பார்த்தார். நானும் மாட்டோடுதான் வளர்ந்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் வீட்டு மத்து என் கையில்தான்.

கலேவெல வெயில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே பொழுது ஏறிவிட்டால் வெண்ணெய் கையில் நிற்காது, எண்ணெய் மாதிரி இளகி ஓடும். அதனால் கோழி கூவுமுன் எழும்ப வேண்டும். காற்றுப் படுகிற இடத்தில் பானையை வைக்க வேண்டும். கிணற்று ஆழத்துத் தண்ணீராகப் பார்த்து, சில்லென்று ஒரு சொம்பு விட வேண்டும். இப்படிச் செய்தால் என் கையில் வெண்ணெய் பந்து பந்தாக வரும். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்கள்கூட வந்து பார்த்து, "ஹொந்த அத்தக்" என்பார்கள். நல்ல கை என்று அர்த்தம். எனக்குத் தலைகால் புரியாது.

இந்தப் பெருமையைத்தான் நான் சீதனமாக எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். வேறு பெரிய சீதனம் இல்லை.

என்னைக் கட்டியவர் வீடு இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறுகிற மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில் ஒன்று. அவருக்குச் செடிகளின் கிளையைக் கத்தரிக்கிற கவ்வாத்து வேலை. அதிகம் பேசமாட்டார். பேசினாலும் தேயிலைச் செடியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுவார். வீட்டில் அவரும் அவர் அம்மா மூக்காயியும் மட்டும். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிட்டேன். பட்டியில் ஒரு மாடு, பேர் சிவப்பி. நான் போன நேரம் சினையாக இருந்தது.

மூக்காயி அத்தையின் சட்டங்கள்

வெண்ணெய் விஷயத்தில் அத்தையிடம் இருந்த சட்டதிட்டம் அரசாங்கக் கச்சேரியில்கூட இருந்திருக்காது.

கடைகிறவளை யாரும் பார்க்கக்கூடாது, அதற்குத்தான் படுதா. கடைகிற நேரத்தில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது. "வெண்ணெய் வந்துச்சா?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் பாதி வந்ததும் திரும்பி உள்ளே போய்விடுமாம். பானைக் கழுத்தில் மூன்று விரல் திருநீறு. பானைக்கு அடியில் ஒரு பழைய லாடம். ஆம்பிளைகள் படுதாவுக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. விளக்கு வைத்த பிறகு யார் கேட்டாலும் மோர் கொடுக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. மருமகள் வந்த பிறகு மாடு கன்று போட்டால், அந்தப் பாலின் முதல் வெண்ணெயை மருமகள்தான் எடுக்க வேண்டும். அதை உருக்கி ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நெய்விளக்கு ஏற்ற வேண்டும். அந்த விளக்கு ஏறும்வரை மாமியார் மத்தைத் தொடக்கூடாது, வீட்டில் யாரும் நெய் வாயில் வைக்கக்கூடாது.

நான் உள்ளுக்குள் சிரித்தேன். இது ஒரு வேலையா எனக்கு? என் கை கலேவெலக் கை.

சிவப்பி மார்கழியில் கன்று போட்டது. அத்தை மத்தைக் கழுவித் துடைத்து, மஞ்சள் தடவி என்னிடம் கொடுத்தார். காப்பிக் கட்டையில் மாமனார் செதுக்கிய மத்து. மாமனாரை நான் பார்த்ததில்லை, அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம்.

அத்தை எப்போதும் அடுப்பங்கரை மூலையில்தான் படுதா கட்டிக் கடைவாராம். நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா, "அடுப்புச் சூட்டுல வெண்ணெ எளகிப்போகும் அத்தை, நான் இஸ்தோப்புல வச்சுக்கிறேன்" என்றேன்.

"ஒன் கை, ஒன் இஷ்டம் புள்ள" என்றார் அத்தை.

முதல் நாள் மூன்று மணிக்கே எழும்பினேன். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் போய்ச் சில்லென்று தண்ணீர் பிடித்து வந்தேன். கடைந்தேன், கடைந்தேன், விடியும்வரை கடைந்தேன். பானையில் நுரைதான் பொங்கியது.

பாலுக்குக் காய்ச்சலா?

ஒருநாள் விட்டு ஒருநாள் கடைந்தேன். ஒருநாள்கூடத் திரளவில்லை.

அந்த மூன்று வாரத்தில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் பக்கத்துக் காம்பரா தங்கம்மா அக்காதான். வெண்ணெய் பிரியாத மோர் வீட்டில் குடம் குடமாக இருந்தது. அதன் ருசியைச் சொல்லவா வேண்டும்? பகலில் வந்து இரண்டு சொம்பு குடிப்பார். வாயைத் துடைத்துக்கொண்டு, "பேரு லெட்சுமின்னு இருந்தாப் போதுமா, கையில ராசி இருக்கணுமே தாயி" என்பார். மூன்றாவது சொம்பையும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். என்ன செய்வது?

அக்காவின் புருஷனுக்குத் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை. அங்கே வெண்ணெய் எடுக்கக் கண்ணாடிச் சாடி ஒன்று இருக்கிறது, கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பலகை சுழலும் என்று அக்கா ஒருநாள் கதை சொன்னார்.

"அது மட்டுமில்ல புள்ள. தொரசானி ஒரு கண்ணாடிக் குச்சிய பாலாடைக்குள்ள விட்டுப் பாக்குமாம். டாக்குத்தரய்யா வாயில வைப்பாரே, அந்த மாதிரி."

"பாலுக்குக் காச்சலாக்கா?" என்று கேட்டேன். அந்த மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். அந்தச் சிரிப்புக்கு இப்போது என்னை நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம்.

உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பூசாரி நூல் கட்டினார். லாடத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தோம். எதற்கும் பானை அசையவில்லை.

தகரப் பெட்டி

வெண்ணெய் வராததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என்னால் தாங்க முடியாதது அத்தையின் முகம்.

நான் வந்த முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தார். என் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவார், ரொட்டி சுடும்போது முதல் ரொட்டியை எனக்குத் தருவார். அப்புறம் என்ன ஆனதோ, என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். நான் உள்ளே வந்தால் அடுப்பைப் பார்ப்பார். நான் பேசினால் கதவைப் பார்ப்பார். தட்டை என் கையில் தரும்போதுகூடத் தலை அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன், எனக்கு வாய் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆளிடம் என்ன பேசுவது?

இரண்டு வெள்ளிக்கிழமை விளக்கு இல்லாமல் போனது. மூன்றாவது வெள்ளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அத்தை பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டுவதைப் பார்த்தேன். ராசியில்லாத மருமகளை "ஒரு மாசம் அம்மா வீட்டுல இருந்துட்டு வரட்டும்" என்று அனுப்புவார்கள். அந்த ஒரு மாசம் சில பேருக்கு முடியவே முடியாது. எங்கள் தென்னந்தோட்டத்திலேயே அப்படித் திரும்பி வந்த ஒருத்தி இருந்தாள்.

அன்று மாலை அத்தை, "தங்கம்மா மகளுக்கு மேலுக்கு முடியலயாம், நான் அங்க படுத்துக்கிறேன்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். என்னோடு ஒரு கூரையின் கீழ் படுக்கவும் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விரலுக்கு வைத்த வெந்நீர்

அடுத்த நாள் வியாழன். அந்த விடியற்காலையில்தான் நான் முந்தானையை வாயில் வைத்து அழுதது.

படுதா விலகியது. பார்த்தால் என்னைக் கட்டியவர், கையில் கேத்தலோடு.

"ஐயோ போங்க, ஆம்பள இங்க வரக்கூடாது."

"வந்தாச்சே" என்றார். ஒரு எனாமல் கோப்பையில் வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றிப் பக்கத்தில் வைத்தார். "கைய உள்ள விடு."

"அத்தைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"வெண்ணெ வராட்டிப் போகுது. வெரலு போயிருச்சுன்னா எதை வச்சுக் கொழுந்து எடுப்ப?"

விரல்களை வெந்நீரில் விட்டேன். முதலில் வலித்தது, பிறகு உயிர் வந்தது. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்துவிட்டார். கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை, சொரசொரவென்று இருந்தது. கல்யாணமாகி அத்தனை நாளில் அவர் என்னை அவ்வளவு நேரம் தொட்டது அன்றைக்குத்தான். எனக்கு அவரை அப்போது ரொம்பப் பிடித்துப்போனது. இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்கு ஆள் எடுக்கிற பிரட்டுக்குத் தப்பு மேளம் அடித்ததும் அவர் எழும்பிப் போனார். கேத்தலில் மிச்ச வெந்நீர் இருந்தது. தயிருக்கு இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் வேண்டும். பீலிக்குப் போக வேண்டும் என்றால் அந்தப் பனியில் பள்ளத்துக்கு இறங்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சோம்பலாக இருந்தது. எப்படியும் வராத வெண்ணெய்தானே என்று கேத்தலில் இருந்ததை அப்படியே பானையில் சாய்த்தேன்.

இருபது இழுப்புகூட இருக்காது. சத்தம் மாறியது.

நான் நம்பவில்லை. கயிற்றை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன், மறுபடி இழுத்தேன். தொப்பு, தொப்பு. எட்டிப் பார்த்தால் மத்தைச் சுற்றி வெள்ளையாக மிதக்கிறது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. கலேவெலயில் சூடு அதிகம், அதனால் குளிர்ந்த தண்ணீர். இங்கே குளிர் அதிகம். நான் சீக்கிரம் எழும்பியது, காற்றுக்கு வைத்தது, சில்லென்று ஊற்றியது எல்லாம் சேர்ந்து வெண்ணெயை விறைக்க வைத்திருக்கிறது. என் கெட்டிக்காரத்தனம்தான் கெடுத்தது. தொரசானி கண்ணாடிக் குச்சியில் பார்த்ததும் இந்தச் சூட்டைத்தான். அத்தை அடுப்போரம் உட்கார்ந்து, தேத்தண்ணி போட்ட மிச்ச வெந்நீரை ஊற்றிக் கடைவார் என்று பிறகு தெரிந்தது. அதை ஒரு விஷயமாக அவர் என்றைக்கும் நினைத்ததில்லை, அதனால் சொன்னதும் இல்லை. ஒருத்தி கடைவதை இன்னொருத்தி பார்க்கக்கூடாது என்று சட்டம் இருக்கும்போது, தப்பு எங்கே என்று யாருக்குத் தெரியும்?

"எனக்குத் தெரியும்"

வெண்ணெய் உருண்டையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தங்கம்மா அக்கா காம்பராவுக்கு ஓடினேன். அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, இங்க பாருங்க."

அத்தை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தானையால் கண்ணையும் மூடிக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்.

"இன்னும் என்ன அத்தை? அதான் வந்துருச்சே. ஏன் என்னைப் பாக்க மாட்டேங்கிறீங்க?"

"எனக்குத் தெரியும்" என்றார் முந்தானைக்குள்ளிருந்து. "நான் அங்க இல்லாட்டி வரும்னு தெரியும். நேத்து ராத்திரி அதுக்குத்தான் இங்க வந்தேன். நான் ரெத்தோட்டைக்குப் போறேன் தாயி, தம்பி வீட்டுல இருந்துக்கிறேன். பொட்டி கட்டியாச்சு."

அந்தத் தகரப் பெட்டி எனக்கில்லையாம், அவருக்காம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

"மொத நாளு, சாக்குக் கிழிசல் வழியா பாத்துட்டேன் புள்ள. பாக்கக்கூடாதுன்னு தெரியும், ஆசை யார விட்டுச்சு? ஒன் கை அப்பிடி ஆடுது, முடி முன்னுக்கு விழுந்து கெடக்கு. எம் மகனுக்கு இம்புட்டு அழகான புள்ளயான்னு நெனச்சுட்டேன். அன்னைக்கே பான அடங்கிப்போச்சு. எங் கண்ணுதான்."

"அத்தை..."

"ஒனக்குத் தெரியாது. எனக்கு ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சு. ராப்பகலா அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். ரெண்டு வயசுல காச்சல்ல போயிருச்சு. அப்புறம் இவன் அப்பா. நான் ஆசையா பாத்த எதுவும் தங்கினதில்ல. நீயாவது நல்லா இருக்கணும்னுதான் ஒன்னப் பாக்கல."

மூன்று வாரம் நான் வெறுப்பு என்று நினைத்தது இதுதான். பார்த்தால் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அந்த மனுஷி தன் கண்ணைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்.

வெந்நீரைப் பற்றிச் சொன்னேன். அவர் மகன் படுதாவுக்குள் வந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அத்தை கேட்டுவிட்டு, "தண்ணியில என்னடி இருக்கு" என்று எழும்பினார். மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம்.

வெண்ணெய் வந்ததே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. அவர் இல்லை, வெண்ணெய் வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நல்லாப் பாருங்க

"அத்தை, நீங்க இன்னைக்கு பஸ் ஏறினா, நான் அடுத்த பஸ்சுல கலேவெலக்குப் போயிருவேன்" என்றேன். "ஒங்க மகனும் சிவப்பியும் சேந்து வெளக்கேத்தட்டும். இன்னொரு பானைத் தயிர் இருக்கு. நீங்க பாத்துக்கிட்டு இருக்க, நான் கடையணும். வரலன்னா நானே ஒங்க பொட்டியத் தூக்கிக்கிட்டு ரோட்டு வரைக்கும் வாறேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இஸ்தோப்பில் இருந்த படுதாவை அவிழ்த்து எறிந்தேன். பானையை அடுப்பங்கரைக்கு மாற்றினேன், கேத்தலை வைத்தேன். அத்தையை எனக்கு நேர் எதிரே பலகை போட்டு உட்கார வைத்தேன். சத்தம் கேட்டுத் தங்கம்மா அக்காவும் வாசல் நிலையில் வந்து நின்றார்.

அத்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறந்தாத்தான் கயித்த இழுப்பேன்."

திறந்தார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

கடைய ஆரம்பித்தேன். வாயால் பெரிதாகப் பேசிவிட்டேனே தவிர, எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. வெந்நீர்தான் காரணம் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஒரு தடவை வந்தது, அதுவும் அத்தை இல்லாதபோது. கண்ணேறு என்று ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்க நான் யார்? சிறுவயதில் எனக்கும் கன்னத்தில் மை வைத்துத்தானே வளர்த்தார்கள்.

நுரை பொங்கியது. பத்து இழுப்பு, இருபது இழுப்பு, ஐம்பது இருக்கும். ஒன்றும் இல்லை. அத்தையின் கண் கதவுப் பக்கம் போனது. நான் கேத்தலை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பானையின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. தங்கம்மா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லியேவிட்டார்.

"வெண்ணெ வந்துச்சா?"

"வாய மூடு தங்கம்மா" என்றார் அத்தை. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். எனக்கு முன்னால் அவருக்குத்தான் கேட்டது. "சத்தம் மாறுது புள்ள. விடாம இழு."

இழுத்தேன். அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, மத்தைச் சுற்றி வெண்ணெய் ஒன்றோடு ஒன்று சேர்ந்தது. பீலித் தண்ணீர் தெளித்து, ஒதுக்கி, உருட்டி எடுத்தேன். காலையில் வந்ததைவிடப் பெரிய உருண்டை. கிண்ணத்தை அத்தை முன்னால் வைத்தேன்.

அத்தை வெண்ணெயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மூன்று வாரத்துப் பார்வையையும் சேர்த்துப் பார்த்தார்.

"அழகாத்தான் கடையுற" என்றார்.

பிறகு தலையை என் மடியில் வைத்து அழுதார். தங்கம்மா அக்காவும் மூக்கைச் சிந்தினார். அவருக்கு இனி அந்த மோர் கிடைக்காது என்ற கவலையும் கொஞ்சம் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை நெய்விளக்கு ஏறியது. தகரப் பெட்டி பரணுக்குப் போனது. சாக்குப் படுதாவை அத்தை மடித்து எடுத்துக்கொண்டுபோய்க் குளிருக்குக் கன்றுக்குட்டியின் முதுகில் போர்த்திவிட்டார்.

கண்ணேறு பயம் அதோடு அவரை விட்டுப் போய்விட்டதா என்று கேட்பீர்கள். அது அவ்வளவு லேசில் போகாது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி, "அப்பாயிக்காரி வாங்கிக்க" என்று நீட்டினார். அத்தை எட்டி நின்றார். முகம் மெல்ல அடுப்புப் பக்கம் திரும்பியது.

நான் படுக்கையில் கிடந்தபடியே கையை நீட்டி அவர் சேலையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் உட்கார வைத்தேன். பிள்ளையை அவர் மடியில் வைக்கச் சொன்னேன்.

"நல்லாப் பாருங்க அத்தை" என்றேன்.

அத்தை பார்த்தார்.